தேயாத நீல முனை

என் தகரப் பெட்டியின் அடியில், கல்யாணச் சேலைக்கும் கீழே, ஒரு பென்சில் கிடக்கிறது. ஒரு முனை சிவப்பு, மறுமுனை நீலம். பள்ளிக்கூடத்து வாத்தியார்கள் நோட்டுத் திருத்துவதற்கு வைத்திருப்பார்களே, அந்த ரகம். கடையில் வாங்கியபோது இரண்டு பக்கமும் சமமாகத்தான் இருந்திருக்கும். இப்போது சிவப்புப் பக்கம் சீவிச் சீவிக் கட்டைவிரல் நகத்தளவுக்கு வந்துவிட்டது. நீலப் பக்கம் ஒரே ஒரு தடவை கூர் பார்த்ததோடு சரி, புதுசு போலவே நிற்கிறது. எடுத்துப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் என் கண் நேராக அந்த நீலத்துக்குத்தான் போகிறது. அது அவ்வளவு நீளமாக இருந்திருக்கக் கூடாது. அதில் ஒரு கோடு, ஒரு விரல் நீளக் கோடு, அன்றைக்கு நான் போட்டிருந்தால், என் பிறந்த ஊரில் ஒரு பிள்ளை இன்றைக்குக் கல்யாண வயதில் இருந்திருக்கலாம். இல்லாமலும் போயிருக்கலாம். அது எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எனக்கு இத்தனை வருசம் பிடித்திருக்கிறது.

பென்சிலைக் கொடுத்தவரை ஆபீசில் எல்லோரும் மேடம் என்பார்கள். நானும் அப்படியே சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் பின்பாதி அது. ஆர்.எஸ்.புரத்தில் ஒரு குறுக்குத் தெருவில் கீழே பட்டுச்சேலைக் கடை, மேலே எங்கள் ஆபீஸ். மொத்தமே பதினொரு பேர். ஊரையெல்லாம் படமாக வரைந்து கம்ப்யூட்டருக்குள் ஏற்றுவது, எந்த வண்டியை எந்த வழியாக அனுப்பலாம் என்று அந்தக் கம்ப்யூட்டரையே சொல்ல வைப்பது, இதுதான் தொழில். முதலாளி பம்புசெட்டுத் தொழிலிலிருந்து வந்தவர். எதைக் காட்டினாலும், “மோட்டார் ஓடுதுங்களா, தண்ணி வருதுங்களா, அவ்வளவுதானுங்க வேணும்” என்பார். ஒரு ஆஸ்பத்திரி தன் ஆம்புலன்ஸ்களுக்காக இந்த ஏற்பாட்டைக் கேட்டிருந்தது. யாராவது போன் செய்து இடத்தைச் சொன்னால், எந்த வண்டி பக்கத்தில் நிற்கிறது, எந்தத் தடத்தில் போனால் சீக்கிரம் சேரும் என்று திரை காட்ட வேண்டும். அதைப் பார்த்து வயர்லெஸ்ஸில் டிரைவருக்குச் சொல்வார்கள். இன்றைக்கு இதில் அதிசயம் ஒன்றுமில்லை. அன்றைக்கு என் வீட்டுக்காரரிடம் சொன்னபோது, “டீ ஊத்தறவகிட்ட என்னென்ன கதையெல்லாம் அளக்கறாங்க பாரு” என்று சிரித்தார்.

டீ ஊற்றுகிறவள்தான் நான். அப்போது எனக்கு நாற்பத்தாறு வயது. அஞ்சாவதோடு படிப்பு நின்றது. துடியலூரிலிருந்து காலை பஸ்ஸில் வந்து பெருக்கித் துடைத்து, நாளைக்கு நான்கு வேளை டீ போடுவேன். கம்ப்யூட்டர் இருக்கிற அறைக்குள் கோயில் மாதிரி செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். அங்கே துடைப்பம் கூடாது, தூசி கிளம்பும். நனைத்துப் பிழிந்த துணியால் முட்டி போட்டுத் துடைப்பேன். நான் யாரோடும் பேச மாட்டேன். பிறந்ததிலிருந்தே அப்படித்தான். நாலு பேர் இருக்கிற இடத்தில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலே காது சூடாகிவிடும்.

மேடத்துக்கு அப்போது முப்பத்தைந்து இருக்கும். பெங்களூரில் பெரிய கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்தவர். மொபெட்டில் வருவார், பின்னலை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டு திரைக்கு முன்னால் உட்கார்ந்தால் டீ ஆறி ஆடை கட்டினாலும் தெரியாது. சாப்ட்வேர் வேலை முழுவதற்கும் அவர்தான் தலைமை. அவருக்குக் கீழே நான்கு இன்ஜினியர்கள். ஆம்பிளைப் பையன்கள் நான்கு பேரை ஒரு பெண்பிள்ளை வேலை வாங்குவதை நான் அதுவரை பார்த்ததில்லை. சத்தம் போட மாட்டார். யாராவது தப்பாக எழுதியிருந்தால் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “இந்த வரி என்ன செய்யுதுன்னு எனக்குக் கதையாச் சொல்லுங்க பாக்கலாம்” என்பார். பையன் சொல்லிக்கொண்டே வருவான். பாதியில் தானே நிறுத்தித் தலையைச் சொறிவான். திங்கட்கிழமையானால் நான்கு பேரையும் கம்ப்யூட்டரிலிருந்து எழுப்பி வெளியே துரத்துவார். ரோடு ரோடாகப் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். “இன்ஜினியரிங் படிச்சுப்போட்டு மாடு மேய்க்கறாப்பல சுத்தறோமுங்க மேடம்” என்று அவர்கள் புலம்புவார்கள். “மேய்க்கறவனுக்குத்தான் தடம் தெரியும், போங்க” என்பார்.

அந்தப் பென்சில் அவருடைய சட்டம். படத்துக்கான ஒவ்வொரு பெரிய தாளிலும், காலால் நடந்து பார்த்த வழியைச் சிவப்பில் போட வேண்டும். அதுவும் அந்த ஒரு வருசத்துக்குள் நடந்திருக்க வேண்டும். பிறர் சொல்லிக் கேட்டதையும், பழைய படத்தைப் பார்த்து எழுதியதையும் நீலத்தில் போட வேண்டும். ஓரத்தில் ‘நடந்தது’ அல்லது ‘கேட்டது’ என்று எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். சிவப்பாக இருக்கும் வழியை இன்னொரு ஆள் போய் நடந்து பார்ப்பார். அப்புறம்தான் அது கம்ப்யூட்டருக்குள் போகும். சிவப்பு வழி என்றால் கம்ப்யூட்டர் தயங்காமல் வண்டியை அனுப்பும். நீல வழி என்றால், போனில் இருப்பவர்களிடம் ‘அந்த வழியில் வண்டி வருமா’ என்று ஒரு வார்த்தை கேட்கச் சொல்லும். “நீலம் போடறதுல ஒரு வெக்கமும் இல்லீங்க,” என்று புதிதாக வருகிற எல்லோரிடமும் மேடம் சொல்வார். “எனக்குத் தெரியாதுன்னு கம்ப்யூட்டருக்குச் சொல்லிட்டா அது கேட்டுத் தெரிஞ்சுக்கும். தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டா அது நம்பிரும். அதுக்கு நம்மளத் தவிர யாரு இருக்கறா?”

இதில் நான் எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்றால், அது விலாசத்தால் வந்தது. எங்கள் பக்கத்து ஜனங்கள் ஊருக்குள் கூட்டமாகக் குடியிருப்பது குறைவு. அவரவர் தோட்டத்திலேயே சாளை என்று வீடு கட்டிக்கொண்டு இருப்பார்கள். அங்கே கதவு நம்பரும் கிடையாது, தெருப் பெயரும் கிடையாது. ஒருநாள் மத்தியானம் பையன்கள் நான்கு பேரும் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்கள். போன் செய்கிறவர் ‘மேக்காலத் தோட்டம்’ என்பார், அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? டீ டம்ளர்களை வைத்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்து மேடம், “அக்கா, உங்க ஊடு எங்கீங்கன்னு கேட்டா என்ன சொல்லுவீங்க?” என்றார். காது சூடாகிவிட்டது. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். “மொதல்ல தோட்டத்துப் பேரச் சொல்லுவமுங்க. அப்புறம் கெணத்துக்கு எந்தப் பக்கம்னு. அப்புறம் எந்த இட்டேரியில வரணும்னு.” பையன்களில் ஒருவன், “இட்டேரின்னா என்னங்க?” என்றான். டவுனில் வளர்ந்த பிள்ளை. இரண்டு தோட்டத்து வேலிகளுக்கு நடுவே போகிற வண்டித்தடம் என்று அவனுக்குச் சொன்னேன். அன்று சாயங்காலத்துக்குள் மேடம் கம்ப்யூட்டரில் தோட்டத்துப் பெயருக்கு ஒன்று, கிணற்றுக்கு ஒன்று, இட்டேரிக்கு ஒன்று என்று மூன்று கட்டம் புதிதாக ஏற்றியிருந்தார். என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். “இது நீங்க செஞ்சதுங்க அக்கா.”

அதற்குப் பிறகு தினமும் மூன்று மணி டீ முடிந்ததும் அரை மணி நேரம் என்னை உட்கார வைத்துக்கொள்வார். தாளை விரிப்பார். துடியலூர் சுற்றுவட்டாரத்தை எனக்கென்று கொடுத்தார், அந்தப் பென்சிலையும். நான் சாயங்காலம் வீடு திரும்பும்போது ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி, இறங்குகிற பக்கமெல்லாம் நடந்து பார்த்து, மறுநாள் வந்து சிவப்புக் கோடு போட்டேன். எல்லாம் நடந்தது; பொய் இல்லை. ரேஷன் கார்டுக்குப் பிறகு நான் கையெழுத்து வைத்த காகிதம் அதுதான். ஒருநாள் என்னையறியாமல், “கொஞ்சம் தள்ளிக்குங்க அம்மணி, வெளிச்சம் மறைக்குது” என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் சிரித்து, “அப்படியே கூப்புடுங்க, எங்கம்மா கூப்புடறாப்பல இருக்குது” என்றார். ஆனாலும் நான் கூப்பிடவில்லை.

எங்களிடம் ஒரு சர்வேக்காரர் இருந்தார். வயதானவர், அளவு வேலையில் ரிட்டையர் ஆகி வந்தவர். கெட்டவர் இல்லை, வாய்தான் சும்மா இருக்காது. நான் தாளை விரித்து உட்கார்ந்தால், “அஞ்சாங்கிளாஸ் அம்மணி மேப்பு போடுது, முப்பது வருசம் சங்கிலி புடிச்சவன் டீ போடப் போறேன், சக்கரை எங்கீங்க?” என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். உள்ளே எங்கேயோ முள் குத்தும்.

இனி என் பொய்க்கு வருகிறேன். பெரியநாயக்கன்பாளையத்துக்கு மேற்கே, மலையைப் பார்த்த மாதிரி இருக்கிறது என் பிறந்த வீடு. எனக்கு ஒரே அண்ணன், இடது கைப்பழக்கம். என் மகளுக்குக் காது குத்தியபோது தாய்மாமன் மடியில்தான் பிள்ளையை உட்கார வைக்க வேண்டும். பந்தல் போட்டு, சொந்தமெல்லாம் கூடி, பிள்ளைக்குப் புதுத்துணி உடுத்திக் காத்திருந்தோம். அண்ணன் வரவில்லை. ஏதோ ஒரு பேச்சில் மனஸ்தாபம்; இப்போது நினைத்தால் அந்தப் பேச்சுகூடச் சரியாக நினைவில்லை. வேறு யார் மடியிலோ உட்கார வைத்துக் குத்தினோம். அன்றோடு நான் அந்த இட்டேரியை மிதிக்கவில்லை. ஒன்பது வருசம். ஆனால் ஒரு பெண்பிள்ளைக்குப் பொங்கலுக்குப் போகப் பிறந்த வீடு இல்லை என்று நாலு பேர் முன்னால் எப்படிச் சொல்வது? அந்தத் தையில் நானே வீட்டில் வெல்லம் காய்ச்சிக் கச்சாயப் பலகாரம் சுட்டு, ஒரு தூக்குப்போசியில் ஆபீசுக்குக் கொண்டுபோய், “எங்கண்ணன் ஊட்டுல குடுத்தாங்க” என்று எல்லோருக்கும் கொடுத்தேன். மேடம் இரண்டு எடுத்துக்கொண்டார். “அண்ணி கைப்பக்குவம் நல்லாருக்குதுங்க அக்கா” என்றார்.

அந்த ஆஸ்பத்திரிக்கு எல்லாவற்றையும் ஓட்டிக் காட்ட வேண்டிய நாள் நெருங்கியது. சர்வேக்காரருக்கு மஞ்சள் காமாலை வந்து படுத்துவிட்டார். மேற்கே ஒரு தாள் மட்டும் பாக்கி. மேடம் அதை என் முன்னால் விரித்தார். கண்ணுக்குக் கீழே கருத்துக் கிடந்தது அவருக்கு. “அக்கா, இது உங்க பொறந்த ஊருதானுங்களே. பொங்கலுக்குப் போயிட்டு வந்தீங்கல்ல. இட்டேரி மட்டும் போட்டுக் குடுங்க.”

பென்சில் என் கையில் இருந்தது. நீலப் பக்கம் மேலே இருந்தது. இதை நான் மறக்கவே இல்லை. அதை அப்படியே வைத்துக் கோடு போட்டு ‘கேட்டது’ என்று எழுதியிருந்தால் முடிந்தது. ஆனால் மேடம் நிமிர்ந்து பார்ப்பார், “கேட்டதா? கச்சாயம் வந்துதே?” என்பார். பையன்கள் திரும்பிப் பார்ப்பார்கள். நாளைக்குச் சர்வேக்காரர் வந்து அதற்கும் ஒரு வார்த்தை சொல்வார். நான் பென்சிலைத் திருப்பினேன். சின்ன வயசில் இரண்டு மாட்டுவண்டி ஒன்றையொன்று தாண்டிப் போகுமே, என் கல்யாணக் காரே அதில்தானே வந்தது, எங்கே போய்விடப் போகிறது அந்தத் தடம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பெரிய ரோட்டிலிருந்து அண்ணன் தோட்டம் வழியாக அடுத்த தோட்டம் வரைக்கும் ஒரு சிவப்புக் கோடு. ‘நடந்தது.’ கையெழுத்து. இரண்டாவது ஆளை அனுப்ப நேரமில்லை. “நீங்க சொன்னாப் போதுங்க அக்கா” என்றார் மேடம். அகலமான பலகைமேல் தாளை ஒட்டி, கண்ணாடி வைத்த எலி மாதிரி ஒரு சாமானை என் கோட்டின்மேல் டிக் டிக் என்று நகர்த்தி, ஒரு பையன் அதைக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றினான்.

ஆறு மாதம் எல்லாம் நன்றாக நடந்தது. ஆரம்பம் என்பதால் எங்கள் ஆபீசிலும் ஒரு வயர்லெஸ் பெட்டியை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தோம். வண்டி போய்ச் சேர்ந்துவிட்டது என்று டிரைவர் சொல்லும்போதெல்லாம் பையன்கள் கை தட்டுவார்கள். முதலாளி, “தண்ணி வருதுங்கோ” என்பார். மழைக்காலம் முடிந்த ஒரு காலை, பதினோரு மணி டீயோடு நான் உள்ளே போகிறேன். பெட்டி பேசிக்கொண்டிருக்கிறது. பிரசவக் கேஸ், தலைச்சன் பிள்ளை. இடத்தின் பெயரைக் கேட்டேன். அண்ணன் தோட்டத்துக்கு அடுத்த தோட்டம்.

அந்த டிரைவரின் குரல் இப்போதும் கேட்கிறது. முதலில் சாதாரணமாகத்தான் பேசினார். “இட்டேரிக்குள்ள வந்துட்டனுங்க.” கொஞ்ச நேரம் கழித்து, “தடம் சிறுத்துட்டே போகுதுங்களே.” அப்புறம், “ரெண்டு பக்கமும் கிளுவை வேலி ஒரசுதுங்க. கதவத் தொறக்க முடியலீங்க.” மேடம் எழுந்து நின்றுவிட்டார். ஆஸ்பத்திரிக்காரர்கள் வண்டியைப் பின்னால் எடுக்கச் சொன்னார்கள். “பின்னால சேத்துல சக்கரம் பதிஞ்சுபோச்சுங்க. இது வண்டித்தடமே இல்லீங்க, ஆடு போற தடமுங்க. யாருங்க இதுல அனுப்புனது?” என் கையில் தட்டு. டம்ளர்கள் ஒன்றோடொன்று முட்டி ஓசை எழுப்பின. அதை நிறுத்த எனக்குத் தெரியவில்லை. ஊர்க் கோயிலைச் சுற்றிக்கொண்டு தார் ரோட்டில் போயிருந்தால் பத்து நிமிசம்தான் கூட ஆகும். இப்போது முக்கால் மணி நேரம் போயிற்று. தாய் பிழைத்தாள். பிள்ளை இல்லை.

இரண்டு நாள் கழித்து அந்த டிரைவரே ஆபீசுக்கு வந்தார். முதலாளி உட்காரச் சொன்னார், அவர் உட்காரவில்லை. “கையி மொத்தத்துக்கு வேர் புடிச்ச கிளுவைங்க. ரெண்டு பக்கத்துக்காரரும் வருசா வருசம் வேலிய ஒரு சாண், ரெண்டு சாண்னு உள்ள நகத்தி நகத்தி இட்டேரியத் தின்னுபோட்டாங்க. நேத்து வெச்ச வேலியில்லீங்க அது.” பிறகு கொஞ்சம் தணிந்து, “ஒரு பெரியவரு வந்தாருங்க. ஆரன் சத்தங் கேட்டு ஓடியாந்தாரு. வெறும் மேலு. தன்னோட வேலியத் தானே வெட்டிப்போட்டு, வெளைஞ்ச சோளக்காட்டுக்குள்ள எறக்கி வண்டிய ஓட்டுங்கன்னாரு. இடது கையால வெட்டறாருங்க, அப்படியொரு வெட்டு. கையெல்லாம் கிளுவைப் பாலும் ரத்தமும். அவரு மட்டும் இல்லீன்னா தாயும் இல்லீங்க” என்றார்.

எங்கள் ஊரில் இடது கையால் அரிவாள் பிடிக்கிற ஆள் ஒருவர்தான்.

அன்று சாயங்காலம் எல்லோரையும் கூட்டினார்கள். முதலாளி மேசையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். “யாரு போட்ட கோடுங்க அது?” சர்வேக்காரர் தேறி வந்திருந்தார். “எனக்கப்ப மஞ்சக்காமாலைங்க. என் கோடு இல்லீங்க. அந்தப் பக்கம் பொறந்தவங்க யாருன்னு பாத்தா...” மேடம் அவரை முடிக்க விடவில்லை. “சார், உக்காருங்க. அது என் கோடு.” அந்தத் தாள் அவர் கையில் சுருட்டி இருந்தது. கொஞ்சம்போல விரித்துப் பிடித்தார். ஓரத்தில் என் கையெழுத்து இருக்கிற இடத்தின் மேல் அவருடைய கட்டைவிரல் இருந்தது. “ஒருத்தர் நடந்ததை இன்னொருத்தர் நடந்து பாக்கணும்னு சட்டம் போட்டவ நான். நேரமில்லைன்னு இந்த ஒரு தாளுக்கு மட்டும் அதை விட்டவளும் நான். வேற யாரையும் கேக்க வேண்டாங்க.” நான் வாசற்படியில் நின்றேன். ஒரு வார்த்தை. ‘நானுங்க’ என்று ஒரு வார்த்தை. தொண்டைக்குழி வரைக்கும் வந்தது. நாலு பேர் இருந்தார்கள். காது சூடாயிற்று. வார்த்தை திரும்பிப் போய்விட்டது.

மறுநாள் நான் குழாயடியில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தபோது மேடம் வந்தார். அவரும் நானும் மட்டும்தான். அங்கே நாலு பேர்கூட இல்லை, அதையும் சொல்ல வேண்டும். “அக்கா, ஒண்ணே ஒண்ணு கேக்கறனுங்க. அந்த இட்டேரியில நடந்தீங்களா?”

தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. “நடந்தேனுங்க மேடம்” என்றேன்.

கைத் தடிமனுக்கு வேர் பிடித்த வேலி என்று டிரைவர் சொன்னதை அவரும்தான் கேட்டிருந்தார். பொங்கலுக்கும் மழைக்காலத்துக்கும் நடுவில் அப்படி ஒரு வேலி முளைக்காது. ஆனாலும் “சரிங்க அக்கா” என்றார். நான் கொடுத்த டீயை நின்றபடியே கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்து, டம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார். திட்டியிருந்தால் மறந்திருப்பேனோ என்னவோ.

ஒரு மாதத்தில் வேலையை விட்டுப் போய்விட்டார். அந்த ஒரு மாதமும் தனியாக உட்கார்ந்து ஒரே ஒரு வேலை செய்தார். ஒவ்வொரு சிவப்புக் கோட்டுக்கும் அது நடந்த தேதியைக் கம்ப்யூட்டரில் சேர்த்தார். தேதியிலிருந்து ஒரு வருசம் ஆனதும், மறுபடி யாரும் நடந்து பார்க்காவிட்டால், சிவப்பு தானாகவே நீலமாகிவிடும். பையன்களுக்குக் காட்டியபோது நானும் பார்த்தேன். கம்ப்யூட்டருக்குள் காலத்தை முன்னால் தள்ளினார். திரையில் ஊர் முழுக்கச் சிவப்பாக இருந்த வழிகள் ஒவ்வொன்றாக நீலமாயின. மேட்டுப்பாளையம் ரோடுகூட நீலமாயிற்று. “யாரையும் தப்புச் சொல்றதுக்கில்லீங்க,” என்றார். “நாம நிக்கறப்பவும் தடம் மாறிட்டேதான் இருக்குது.” கடைசி நாள், டீத்தட்டை எடுக்கப் போனபோது அதில் இந்தப் பென்சில் இருந்தது. “இது உங்களுதுங்க அக்கா” என்றார். அவ்வளவுதான். தெரிந்துதான் கொடுத்தாரா, சும்மா கொடுத்தாரா என்று இன்று வரைக்கும் யோசிக்கிறேன். எங்கே போனார் என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. நானும் அடுத்த தைக்கு முன்னால் வேலையை விட்டுவிட்டேன். கச்சாயம் சுடுவதையும் விட்டுவிட்டேன். எண்ணெய் காய்கிற வாசம் வந்தால் டம்ளர்கள் முட்டிக்கொள்கிற ஓசை கேட்கிறது.

இப்போது எழுபது தாண்டிவிட்டது. துடியலூரில் மகள் வீடு மெயின் ரோட்டின் மேலேயே இருக்கிறது. ஆம்புலன்ஸ் போகும்போதெல்லாம் எழுந்து ஜன்னலுக்குப் போய்விடுவேன். எந்தத் தடத்தில் அனுப்பினார்களோ, நடந்து பார்த்தவர்கள் யாரோ. மகள் போனில் படத்தை வைத்துக்கொண்டுதான் கடைக்குக்கூடப் போகிறாள். அதில் ஒரு குரல் வலது பக்கம் திரும்பு, இடது பக்கம் திரும்பு என்கிறது. “யாரு நடந்து பாத்ததுன்னு கேளு” என்றேன் ஒருநாள். “அதெல்லாம் மேல இருந்து போட்டோ புடிக்கறாங்கம்மா” என்றாள். போன தையில், “நீ சும்மா சும்மா ஜன்னலுக்கு ஓடறத என்னால பாக்க முடியல, வா எங்கியாச்சும் போயிட்டு வரலாம், எங்க போலாம்?” என்றாள். என் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அண்ணன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இடது கை நடுங்கிக்கொண்டே இருந்தது. என்னைக் கண்டுகொள்ளக் கொஞ்ச நேரம் ஆயிற்று. “இப்பத்தான் தடம் தெரிஞ்சுதா அம்மணி?” என்றார். எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. காப்பி குடித்தபின், கையைப் பிடித்துக்கொண்டு இட்டேரிக்குக் கூட்டிப்போனார். சிமெண்டு ரோடாகிவிட்டது, கார் தாராளமாகப் போகும். அண்ணன் பக்கத்து வேலியில் மட்டும், ஒரு வண்டி நுழைகிற அகலத்துக்கு, வாய் திறந்த மாதிரி ஒரு சந்து. வெறுமனே கிடக்கிறது. ஆடுகள் உள்ளே நுழைந்து மேய்ந்துவிட்டுப் போகின்றன. “பசங்க அடைங்க அடைங்கங்கறாங்க. நான் இருக்கற மட்டுக்கும் அதை அடைக்க உட மாட்டேன்,” என்றார் அண்ணன். “வேலிய நகத்துனது நானு. ஒரு சாணு நிலத்துக்கு ஆசப்பட்டு ஒரு உசுர அடச்சுப்போட்டனே. அந்தப் புள்ள அழுத சத்தங்கூட யாரும் கேக்கல பாரு. எனக்குத்தான் கேக்குது.”

அப்போது சொன்னேன். இத்தனை வருசம் வராத வார்த்தை, நாலு ஆடுகள் பார்த்துக்கொண்டிருக்க, வந்தது. ஆபீஸ், பென்சில், கச்சாயம், சிவப்புக் கோடு, மேடத்தின் கட்டைவிரல், குழாயடி, எல்லாம் சொன்னேன். அண்ணன் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் வேலிக்கல்லைப் பிடித்துக்கொண்டார். “அஞ்சு வரைக்கும் படிச்சவ நீ. நான் மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துல ஒதுங்கல. ஒரு வார்த்த வந்து சொல்லியிருக்கலாமல்ல கண்ணு? பாதி உன்னுதுன்னு தெரியாம, நான் ஒருத்தனே சொமந்துட்டுத் திரிஞ்சேனே.”

இரண்டு பேரும் அந்த இட்டேரியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் நடந்தோம். அடுத்த தோட்டத்து வாசல் தெரிகிற இடத்தில் அண்ணன் நின்றுவிட்டார். நான் இன்னும் நாலு எட்டு வைத்தேன். அதற்கு மேல் கால் போகவில்லை.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தேன். பழைய காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்துப் பின்பக்கம் திருப்பி வைத்தேன். பெரிய ரோடு, கோயில், கிணறு, அண்ணன் தோட்டம், அடுத்த தோட்டம். கை தானாகச் சிவப்பு முனையைத்தான் பிடித்தது. இன்றைக்கு நடந்துவிட்டேனே, சட்டப்படி அது சரிதானே என்று தோன்றியது. ஆனால் மேடம் என்னிடம் கேட்டது இன்றைக்கு நடந்ததை இல்லை. பென்சிலைத் திருப்பினேன். அன்றைக்குப் போட வேண்டிய கோட்டை, பெரிய ரோட்டிலிருந்து அடுத்த தோட்டம் வரைக்கும், நீலத்தில் மெதுவாக இழுத்தேன். ஓரத்தில் ‘கேட்டது’ என்று எழுதினேன். அதன் கீழே, மறைக்க எந்தக் கட்டைவிரலும் இல்லாத இடத்தில், என் கையெழுத்தைப் போட்டேன்.